பெல்ஜியம் கேட்ட பதினொரு நிமிசம்

இதில ஆரும் வருகினமோ பிள்ளை? இல்லையெண்டால் நான் இருக்கிறன். நீங்கள் ரெலிபோனில தமிழில கதைச்சது கேட்டது, அதுதான் இந்தப் பெட்டிக்கு வந்தனான். ஜேர்மனிக்கோ, ஆகன் மட்டும் போறீங்களோ? நல்லதாப் போச்சு. நானும் ஆகன்தான். ஸ்ரேசனுக்குப் பின்பக்கம் பச்சைக் கதவு போட்ட தமிழ்க் கடை ஒண்டு இருக்கெல்லோ, அது என்ர. குணநாயகம் எண்டு பேர். சனம் குணம் அண்ணை எண்டு சொல்லும். இருபத்திரண்டு வருசமா அதே இடத்திலதான் கடை.

நான் இடைக்கிடை எழும்பி நிப்பன், குறை நினையாதேங்கோ. ரண்டு வருசமா எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாது. கதிரையில இருந்தால் கால் தன்ர பாட்டில ஆடும். டொக்டரிட்டக் காட்டினன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு எண்டார். நல்லாத்தான் இருக்காம்.

பெல்ஜியத்து லியேஜ் கோட்டில சாட்சி சொல்லிப்போட்டு வாறன். பயப்பிடாதேங்கோ, நான் ஒண்டும் செய்யேல்லை. நான் வெறும் சாட்சி. அதைத்தான் ரண்டு வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்.

வெர்வியேயில சிவரூபன் எண்டு ஒருத்தர் இருந்தவர். இந்த ரெயின் அங்க நிக்கும், பாப்பீங்கள். கோயில் நிர்வாகத்தில இருந்த ஆள், நல்ல மரியாதையான பெடியன். திருவிழா எண்டால் பத்து நாளும் ஓடித் திரிவார். சனிக்கிழமையில பெண்சாதியோட எல்லை தாண்டி வந்து என்னட்டத்தான் சாமான் வாங்குவார். எல்லை எண்டு சொல்லுறன், ஒரு பேர்ப்பலகை நிக்கும், அவ்வளவுதான். பெண்சாதிக்குத் தட்சாயினி எண்டு பேர். லண்டனில ஒரு அக்கா, வேற ஒருத்தரும் இல்லை. கனக்கக் கதைக்காது அந்தப் பிள்ளை. அவர் சாமானைத் தெரிஞ்செடுப்பார், அவ கூடையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நிப்பா. நல்ல குடும்பம் எண்டு நான் என்ர மனிசி றஞ்சிக்குச் சொல்லுவன். அவ ஒண்டும் சொல்லமாட்டா. ஒருக்கா மட்டும், அந்தப் பிள்ளை ஆடி மாச வெக்கைக்கும் முழுக்கைச் சட்டையோட நிக்குது, பாத்தனீங்களோ எண்டு கேட்டவ. அடக்கமான பிள்ளை எண்டு சொன்னன்.

அண்டைக்கு மாசி மாசம், வியாழக்கிழமை. மழையும் பனியும் கலந்து கொட்டுது. றஞ்சி பல்லு டொக்டரிட்டப் போட்டா. கடையில நான் தனிய. மூண்டு மணி தாண்டியிருக்கும், கதவைத் திறந்துகொண்டு தட்சாயினி வாறா. தனிய. இவ்வளவு வருசத்தில அவ தனிய வந்து நான் காணேல்லை. குளிருக்குப் போடுற கோட் இல்லை, வீட்டில போடுற மெல்லிசுக் கம்பளிச் சட்டை, கையில ஒரு துணிப்பை. ரெயினில வந்தவவாம். றஞ்சி அக்கா நிக்கிறாவோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். ரெலிபோன் தன்னட்ட இல்லை, லண்டனுக்கு அக்காவுக்கு ஒரு கோல் எடுத்துத் தருவீங்களோ எண்டு கேட்டா.

நீங்களே சொல்லுங்கோ பிள்ளை. ஒருத்தன்ர பெண்சாதி சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாட்டில வந்து நிக்கிறா. முகமும் சரியில்லை. புருசன் பெண்சாதிக்குள்ள ஏதோ கதைவழிப்பட்டிருக்கு, அது விளங்கீற்றுது. லண்டனுக்கு எடுத்தால் விசயம் பெருக்கும். அந்த அக்கா ஒண்டு சொல்லுவா, இவ ஒண்டு சொல்லுவா, குடும்பம் ரண்டாப் போகும். நான் எத்தினை குடும்பத்தைப் பாத்திட்டன். அதால நான் என்ர ரெலிபோனை எடுத்து சிவரூபனுக்கு அடிச்சன். தம்பி, தங்கச்சி இஞ்ச நிக்கிறா, வந்து பக்குவமாக் கூட்டிக்கொண்டு போம் எண்டன்.

அவ ஏதோ சொன்னவதான். நான் கவனிக்கேல்லை.

சிவரூபன் சொல்லுறார், நான் ஆகன் ஸ்ரேசனிலதான் அண்ணை நிக்கிறன், அவவைத்தான் தேடிக்கொண்டு நிக்கிறன் எண்டு. பாத்தீங்களோ, பெண்சாதியைத் தேடி வேலையையும் விட்டிட்டு வந்திருக்கிறார். எனக்கு அப்ப கடவுள் செயல் மாதிரித்தான் இருந்தது. ஏழு நிமிசத்தில வந்திட்டார். ஒரு கோபம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. பெரிய உதவி அண்ணை எண்டு என்ர ரண்டு கையையும் பிடிச்சார். துணிப்பையை அவர் வாங்கிக்கொண்டார். அவ முன்னால போய்க் காரில ஏறினா. அவ்வளவுதான். நான் திரும்பி வந்து பருப்பு நிறுக்கத் தொடங்கினன்.

றஞ்சி வந்தாப்பிறகு சொன்னன். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோசத்தோடதான் சொன்னன். அவ கோட்டைக் கழட்டாமல் அப்பிடியே நிண்டு, ‘ஏன் எனக்கு எடுக்கேல்லை?’ எண்டு கேட்டா. நீர் பல்லுக்கெல்லோ போனனீர் எண்டன். பேந்து அவ பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினவ. பல்லு நோ எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் காலமை சிவரூபன் ரெலிபோன் அடிக்கிறார். குளறி அழுறார். தட்சாயினி நிலவறைப் படியில விழுந்து செத்துப்போச்சு எண்டு.  ஆறுதல் சொன்னன். என்ன சொல்லுறது? அப்பதான் அவர் அழுகைக்குள்ளால சொல்லுறார், அண்ணை, பொலிஸ் கேட்டால் நேற்று நான் உங்கட கடையில ஆறு மணி மட்டும் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ, நான் தனியத்தான் வந்தனான், அவ வந்ததைச் சொல்லாதேங்கோ, வீட்டை விட்டு ஓடினவ எண்டு சனம் கதைக்கும், செத்த பிள்ளையின்ர மானம் அண்ணை எண்டு.

செத்த பிள்ளையின்ர மானம். அந்தச் சொல்லுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? அவர் கடைக்கு வந்தது உண்மைதானே. நேரம்தானே கொஞ்சம் முன்னப் பின்ன.

ரண்டாம் கிழமை எங்கட ஆகன் பொலிஸ் ரண்டு பேர் வந்தவை. பெல்ஜியத்தில கேட்கினமாம், அந்த வியாழக்கிழமை இப்பிடி ஒருத்தர் வந்தவரோ எண்டு. வந்தவர் எண்டன். தனியவோ? தனிய. எத்தினை மணி மட்டும்? ஆறு. எழுதிக்கொண்டு நன்றி சொல்லிப்போட்டுப் போட்டினம். நல்ல மரியாதையான பெடியள். அதோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

முடியேல்லை. ஒரு பத்து நாளால ஹார்ட்விக் எண்டு ஒரு பொலிஸ் அம்மா, கூட கொம்பியூற்றர் பெட்டியோட ஒருத்தர். கையில ஒரு கடதாசிக் கட்டு. பெல்ஜியத்தில இருக்கிற விசாரணை நீதவான் அனுப்பினதாம். ஐரோப்பாவுக்குள்ள இப்பிடி ஒரு கட்டளை இருக்காம். அந்த நாட்டு நீதவான் இன்ன சாட்சியம் வேணும் எண்டு கேட்டால், இந்த நாட்டுக்காரர் தங்கட வழக்கு மாதிரி எடுத்துக் குடுக்கவேணுமாம். பெட்டி பெட்டியாக் கோடு போட்டு, சிலதில புள்ளடி போட்டிருந்தது. முதல் தாள் பிரெஞ்சு, பின்னால ஜேர்மன் பாசை, டொச். ஒரு புள்ளடி என்ர ரெலிபோன் விவரத்துக்கு. ஒரு புள்ளடி என்ர வாக்குமூலத்துக்கு. மற்றது கடைக் கமராவுக்கு.

கமராவைப் பற்றி நான் யோசிக்கேல்லை எண்டு சொன்னால் பொய். யோசிச்சனான். மூண்டு நாளில தன்ர பாட்டில அழிஞ்சிடும் எண்டுதான் அதைப் பூட்டின ஆள் சொன்னவர். ஹார்ட்விக் அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னன், இவ்வளவு நாளைக்கு ஒண்டும் இராது அம்மா எண்டு. கொம்பியூற்றர்காரர் பின்னறைக்குப் போனார். அரை மணித்தியாலத்தால வந்து, ரண்டு மாசத்துப் படமும் அப்பிடியே கிடக்கு எண்டார். பூட்டினவர் பிழையாப் பூட்டியிருக்கிறார். அதுக்கும் எனக்குத்தான் பேச்சு. அவ்வளவு நாள் வைச்சிருக்கிறது இந்த நாட்டில சட்டப்படி பிழையாம், ஆக்களின்ர தனிப்பட்ட விசயமாம். பாருங்கோ கதையை. நான் சட்டப்படி நடந்திருந்தால் படம் அழிஞ்சிருக்கும். பிழை விட்டபடியால்தான் கிடந்தது.

இந்தா, வெர்வியே வந்திட்டுது. நான் கொஞ்சம் எழும்பி நிக்கிறன். அந்தப் பாலம் தெரியுதோ, அதுக்கு அங்கால ஏத்தத்தில மூண்டாவது வீடு. ரண்டு தரம் விருந்துக்கு வந்திருக்கிறன். நிலவறைக்குப் போற கதவு குசினிக்குப் பக்கத்தில. நல்லாச் சமைப்பா. இந்த ஸ்ரேசனிலதான் அவ அண்டைக்கு ரெயின் ஏறியிருப்பா, என்ன? எந்தப் பக்கம் நிண்டிருப்பாவோ தெரியாது. சரி, வெளிக்கிட்டிட்டுது. இருக்கிறன்.

பொலிஸ் ஸ்ரேசனுக்கு என்னைக் கூப்பிட்டினம். எனக்கு டொச் தெரியும் பிள்ளை, முப்பத்தைஞ்சு வருசமா இந்த நாட்டில இருக்கிறன். எண்டாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேட்டனான். ஒரு கேள்வி ரண்டு தரம் வந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஹார்ட்விக் அம்மா நல்ல மனிசி. உங்களுக்குப் பிரச்சினை வரக்கூடிய கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனால் முந்திச் சொன்னதை இப்ப திருத்தலாம் எண்டா. சொல்லிப்போட்டுப் படத்தைப் போட்டா.

சத்தம் இல்லாத படம். கல்லாப்பெட்டிக்கு மேல பூட்டின கமரா. மூண்டு பத்துக்கு அவ உள்ள வாறா. மூண்டு இருபத்தொண்டுக்கு ரண்டு பேரும் வெளியில போகினம். பதினொரு நிமிசம். அவ்வளவு நேரமும் அவ அந்தப் படச் சட்டத்துக்குள்ளதான் நிக்கிறா, வேற எங்கயும் அசையேல்லை. நான் தோளைத் தோளைக் குலுக்கிக்கொண்டு நிக்கிறன். என்னை மேல இருந்து பாக்க எனக்கே ஆரோ மாதிரி இருந்தது, உச்சியில மயிரும் இல்லை.

மூண்டு பதின்மூண்டுக்கு நான் ரெலிபோனை எடுக்கிறன். அவ எட்டி என்ர கையில தன்ர கையை வைக்கிறா. ரெலிபோனுக்கு மேல. பொத்திப் பிடிக்கிறா.

அந்த இடத்தில ஹார்ட்விக் அம்மா படத்தை நிப்பாட்டினவ. அதை நான் மறந்துபோனன் பிள்ளை. உண்மையா மறந்துபோனன். இல்லை, மறக்கேல்லை. எங்கட பொம்பிளையள் அடுத்த மனிசன்ர கையைத் தொடமாட்டினம், தெரியும்தானே. அண்டைக்கு அவ தொட்ட உடன எனக்கு ஒரு கூச்சம் வந்திட்டுது. ஆரும் கண்டால் என்ன நினைப்பினம் எண்டு கையை வெடுக்கெண்டு இழுத்தனான். படத்திலயும் இழுக்கிறன். இழுத்துப்போட்டு, அவவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு கதைக்கிறன்.

இதில அவ என்ன சொல்லுறா எண்டு ஹார்ட்விக் அம்மா கேட்டா. மொழிபெயர்ப்பாளர் தமிழில கேட்டார். ஞாபகம் இல்லை எண்டன். மற்றதெல்லாம் திருத்தினனான். அவ வந்தது, அவர் மூண்டு இருபத்தொண்டுக்கே போனது, அவர் காலமை ரெலிபோன் அடிச்சுக் கேட்டது, எல்லாம் சொன்னன். இதுக்கு மட்டும் ஞாபகம் இல்லை எண்டன். எழுதிச்சினம். டொச்சில எழுதி, பிரெஞ்சில மாத்தி, பெல்ஜியத்துக்கு அனுப்பிச்சினம். என்ர ஞாபகம் இல்லை மூண்டு பாசையில போனது.

படம் போனாப்பிறகு சிவரூபன் கதையை மாத்தினவர். ஓம், கூட்டிக்கொண்டுதான் வந்தனான், படியடியில இழுபறிப்பட்டது, தவறி விழுந்திட்டா எண்டு. அவரைப் பிடிச்சு வைச்சினம். அண்டையில இருந்து எனக்குத் தொடங்கிச்சுது. கோயில் சனம் ரண்டாப் பிரிஞ்சுது. ஒரு பக்கம், குணம் அண்ணை பெடியனைக் காட்டிக் குடுத்திட்டார் எண்டு. மற்றப் பக்கம், பொய்ச் சாட்சி சொன்னவர் எண்டு. ரண்டு பக்கமும் கடைக்கு வாறதில்லை. நான் ஆருக்குக் கெடுதல் செய்தனான், சொல்லுங்கோ? கேட்டவைக்கெல்லாம் உதவிதானே செய்தனான்.

ஒரு பக்கமும் சேராதது என்ர மனிசி ஒருத்திதான். ரண்டு வருசமா என்னோட கடைச் சாமானைப் பற்றி மட்டும்தான் கதைப்பா. மிளகாய்த்தூள் முடிஞ்சுது, லொறி வந்திட்டுது. சாப்பாடு வைப்பா, தான் பேந்து சாப்பிடுவா. ஒருநாள் பொறுக்கேலாமல், நான் என்ன அந்தப் பிள்ளையை அடிச்சே கொலை செய்தனான் எண்டு கேட்டன். இல்லை எண்டா. வேற ஒண்டும் இல்லை, ‘இல்லை’ எண்டது மட்டும்.

லியேஜில இருந்து கோட்டுக் கடிதம் வந்தது. நேரில வரச்சொல்லி. கதிரையில வைச்சிட்டு அங்கையும் இஞ்சையும் நடந்தன். இண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்கை றஞ்சி கதவடிக்கு வந்தவ. ரண்டு வருசத்துக்குப் பிறகு என்ர முகத்தைப் பாத்துக் கதைச்சவ.

‘போய் அந்தப் பிள்ளை என்ன சொன்னவ எண்டு சொல்லுங்கோ. கூட்டாமல் குறையாமல்.’

நான் அவவுக்கு அதைச் சொன்னதே இல்லை பிள்ளை. ஞாபகம் இல்லை எண்டுதான் அவவுக்கும் சொன்னனான்.

கோட்டில அந்தப் படத்தைப் பெரிய திரையில போட்டவை. சிவரூபன் கண்ணாடிக் கூட்டுக்குள்ள குனிஞ்சு கொண்டிருந்தார், மெலிஞ்சுபோனார். என்ர வரிசையில மூண்டு கதிரை தள்ளி ஒரு பொம்பிளை. முகத்தைப் பாத்த உடன தெரிஞ்சுது, லண்டன் அக்கா. அதே நாடி. பதினொரு நிமிசமும் ஓடிச்சுது, நிப்பாட்டாமல். நான் நிலத்தைப் பாப்பம் எண்டு நினைச்சன், ஏலேல்லை. பேந்து என்னை முன்னால கூப்பிட்டு, உண்மை சொல்லுறன் எண்டு சொல்லவைச்சு, நீதிபதி அம்மா நேர அதைத்தான் கேட்டா. கையை வைக்கேக்கை அவ என்ன சொன்னவ?

தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு பொம்பிளை, உங்கட வயசுதான் வரும். என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறா.

சொன்னன். ‘கூப்பிடாதேங்கோ அண்ணை. அவரைக் கூப்பிடாதேங்கோ. இண்டைக்கு என்னை உயிரோட விடமாட்டார்.’ அதுதான் அவ சொன்னது. சொல்லிப்போட்டு, றஞ்சி அக்கா வரும் மட்டும் இந்த மூலையில நிக்கட்டோ எண்டும் கேட்டவ.

மொழிபெயர்ப்பாளர் உடன மாத்தேல்லை. தண்ணியை எடுத்துக் கொஞ்சம் குடிச்சிட்டுத்தான் பிரெஞ்சில சொன்னவ. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எண்டாலும் எந்த இடத்தில அந்த வசனம் வந்தது எண்டு தெரிஞ்சுது, எழுதிக்கொண்டிருந்த ஆக்களெல்லாம் எழுதுறதை விட்டிட்டு நிமிர்ந்து பாத்தவை.

பிறகும் ஏன் கூப்பிட்டனீங்கள் எண்டு நீதிபதி அம்மா கேட்டா. கோபமாக் கேக்கேல்லை. அவர் நல்ல மனிசன் எண்டு நினைச்சன் எண்டன். அவவை என்னெண்டு நினைச்சனீங்கள் எண்டு கேட்டா.  அவவை நான் ஒண்டும் நினைக்கேல்லை பிள்ளை. அதைச் சொல்லேலாதெல்லோ.  சரி, போய் இருக்கலாம் எண்டா. தீர்ப்பு அடுத்த மாசமாம்.

வெளியில வரேக்கை மனம் லேசாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உண்மையைச் சொல்லியாச்சு, றஞ்சிக்குப் போய்ச் சொல்லலாம் எண்டு. அந்த அக்கா வாசல் படியில நிண்டவ. என்னைக் கண்டு கிட்ட வந்தா. ஏசப்போறா எண்டு நினைச்சன். ஏசியிருந்தால் வாங்கியிருப்பன். அவ மெதுவா, ‘அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?’ எண்டா. கேளுங்கோ எண்டன்.

‘அண்டைக்குக் கோட்டும் இல்லாமல் குளிருக்குள்ள வந்து நிண்டவ. குடிக்க ஏதும் குடுத்தனீங்களோ?’

‘ஓம் பிள்ளை. தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான். சுடச்சுடக் குடிச்சவ’ எண்டன்.

ஏன் சொன்னன் எண்டு தெரியாது. வாயில வந்திட்டுது. அவவின்ர முகத்தைப் பாக்க, ஒரு ஆறுதலா இருக்கட்டும் எண்டு. வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

அவ என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா.  பேந்து, ‘சரி அண்ணை’ எண்டிட்டு இறங்கிப் போட்டா.

ஸ்ரேசனுக்கு நடந்து வரேக்கை, பாதி வழியிலதான் எனக்கு விளங்கினது. அந்தப் பதினொரு நிமிசத்தையும் அவ எனக்கு மூண்டு கதிரை தள்ளி இருந்து முழுக்கப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தவ.